ஒரு கால் அளவு

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தையல்காரி செய்கிற முதல் வேலை மகளின் இடுப்பில் டேப்பைச் சுற்றுவதுதான். பல் துலக்கக்கூட விடமாட்டாள். வெறும் வயிற்றோடு நிற்கவைத்து, தொப்புளுக்கு ஒரு விரல் மேலே டேப்பை ஓட்டி, மூச்சை விடச் சொல்லி, மூச்சு முடிகிற இடத்தில் அளவைப் படிப்பாள். தெருவில் பாதிப் பேருக்குச் சட்டையும் பேண்ட்டும் கவுனும் தைத்த கை அது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு துணியைக்கூட வெட்டிக் கெடுத்ததில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். வாய்ச் சவடால் இல்லை, உண்மைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டேப் முப்பத்தெட்டே கால் காட்டியது. ஆறு மாதத்துக்கு முன்னால் நாற்பத்தொன்றரை. தையல்காரிக்கு வாயெல்லாம் பல். மகளின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்து, நல்ல பொண்ணு என்று மூன்று தடவை சொன்னாள். மகளும் சிரித்தாள். கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அதை யார் கவனித்தார்கள்?

மகளைப் பஞ்சு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது, அது பதிவேட்டோடு சரி. பிறந்தபோது தூக்கிய நர்ஸ், கையில் நிற்கமாட்டேன் என்கிறதே, பஞ்சு மாதிரி இருக்கிறதே என்றாள். தசையில் பிடிமானம் கம்மி, சின்னக் காது, மேலே ஏறிய கண். டவுன் சிண்ட்ரோம் என்று பெரிய டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நர்ஸ் சொன்ன பெயரை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார். இப்போது பஞ்சுவுக்குப் பதினாறு வயது.

அப்பா ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். காலையில் கடைகடையாக இறக்கிவிட்டு, சாயங்காலம் விற்காததைத் திரும்ப எடுத்துவர வேண்டும். திரும்பி வருகிற பன்னைக் கம்பெனி கணக்கில் வைக்காது. அது பஞ்சுவுக்கு வந்தது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு பை. வேன் தெருமுனை திரும்பும்போதே பஞ்சுவுக்குத் தெரிந்துவிடும். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். பேச்சு சரியாக வராத பிள்ளை, கூட விளையாட ஆள் இல்லாத பிள்ளை. அது சந்தோஷப்படுகிற இடம் ஒன்றாவது இருக்கட்டும் என்று அப்பா நினைத்தார். நினைத்ததில் என்ன குற்றம் சொல்ல முடியும்?

பிள்ளை பெருத்தது முதலில் யாருக்கும் தெரியாமல் போனதற்கும் தையல்தான் காரணம். மற்ற வீட்டில் பிள்ளைக்குப் போன வருஷச் சட்டை இந்த வருஷம் ஏறாது. பெற்றவர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். இங்கே அப்படி நடக்க வழியில்லை. மகளின் கவுன் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்து வைத்திருந்தாள் தையல்காரி. கொஞ்சம் பிடிக்கிறதே என்றால் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டு மறுபடி ஓட்டிவிடுவாள், ஐந்து நிமிஷ வேலை. கவுன் எப்போதும் அளவாகவே இருந்தது.

விஷயம் வெளியே வந்தது பஞ்சு போகிற பயிற்சி மையத்தில். அவளைப் போன்ற பிள்ளைகளுக்குக் கூடை பின்னவும் உறை ஒட்டவும் சொல்லிக் கொடுக்கிற இடம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி எடை பார்த்தார்கள். பஞ்சு நாலரை அடி உயரம், எழுபத்தெட்டு கிலோ. சீட்டு எழுதிக் கூப்பிட்டார்கள். ஒரு நீளமான மெஷினுக்கு அடியில் படுக்கவைத்து எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து எடை டாக்டரம்மா தையல்காரியை உட்காரவைத்துப் பேசினாள். சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி.

"எடையை விடுங்கம்மா. கொழுப்பு எங்க உக்காந்திருக்குன்றதுதான் விஷயம். இந்த வயித்துக் கொழுப்பு இருக்கே, அது சும்மா கிடக்காது. உடம்புக்குள்ள மெதுவா ஒரு அழற்சியைக் கிளப்பிக்கிட்டே இருக்கும். வெளியில காயம் இருக்காது, சீழ் இருக்காது. ஆனா ரத்தத்துல தெரியும். பஞ்சுவுக்கு நல்லாவே தெரியுது. இந்தப் பிள்ளைங்களுக்குக் கொழுப்பு சீக்கிரம் சேரும். இப்பவே குறைக்கலேன்னா, இருபத்தஞ்சு வயசுல சர்க்கரை. அப்புறம் இதயம்."

அந்தக் கடைசிச் சொல் ஒன்றே தையல்காரிக்குப் போதும். பஞ்சுவுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை இருந்தது. இரண்டு வயதில் நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். அந்தத் தழும்பை அவள் தினமும் பார்த்தவள். தையல்போட்ட இடம் எப்படி விட்டுக்கொடுக்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவளை இருபத்தைந்து வயதுக்கு மேலே கொண்டுபோயே தீருவது என்று மனசுக்குள் முடிபோட்டுக்கொண்டு எழுந்தாள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது நாலே வரி. இனிப்பும் பன்னும் கிடையாது. சோறு அளவாக. தினமும் நடை, படி ஏறுவது ரொம்ப நல்லது. வாரம் ஒரு தடவை இடுப்பளவு. தையல்காரி எடுத்த காரியத்தில் பாதியில் நிற்கிற ஆள் இல்லை. அன்றைக்கே பன் நின்றது. வாசலுக்கு ஓடிவந்த பிள்ளையிடம் அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பஞ்சு அவர் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பிறகு வேனுக்குள் ஏறிக் காலித் தட்டுகளைப் பார்த்தாள். மூன்று நாள் அப்படிப் பார்த்துவிட்டு அப்புறம் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. கீழே படிக்கட்டுக்கு அடியில், குனிந்தால்தான் நுழைய முடிகிற இடத்தில், தையல் கடை. ஒரு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்டுகிற மேஜை, அதற்கு அடியில் துண்டுத் துணி மூட்டை. லிஃப்ட் என்று ஒரு கதவு இருக்கிறது, அதற்குப் பின்னால் லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, மொத்தம் ஐம்பத்து நாலு. காலையில் மூன்று தடவை, சாயங்காலம் மூன்று தடவை பஞ்சு ஏறி இறங்க வேண்டும். தையல்காரி கீழே மெஷினை ஓட்டிக்கொண்டே தலைக்கு மேலே காலடிச் சத்தத்தை எண்ணுவாள். சத்தம் நின்றால் கத்தரிக்கோலால் மேஜையைத் தட்டுவாள். முனகல் கேட்டால் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். முனகினால் இன்னொரு மாடி. இந்தச் சட்டம் பஞ்சுவுக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. முனகல் நின்றது.

பெற்ற தாயா இப்படி என்று கேட்கலாம். கேட்பவர்கள், இதயம் கெட்டுவிடும் என்ற பேச்சை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு வந்து கேட்கட்டும். ராத்திரி சாப்பாட்டில் பஞ்சுவுக்கு இரண்டு கரண்டிச் சோறும் வேகவைத்த காயும் என்றால், அவளுக்கும் அதே இரண்டு கரண்டிதான். எட்டு மணி நேரம் மெஷின் மிதிக்கிறவள் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தாள்.

மழைக்காலம் வந்தது. சுவரெல்லாம் ஓதம், துணி இரண்டு நாளானாலும் காயாது. பஞ்சு காலையில் எழுந்திருக்க மறுத்தாள். மறுத்தாள் என்றால் அடம் இல்லை, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். சோம்பல் தலைக்கேறிவிட்டது என்றாள் தையல்காரி. இறங்கும்போது படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நழுவி இறங்கினாள். மாடி வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தன, பஞ்சுவும் சேர்ந்து சிரித்தாள். விளையாட்டுப் புத்தி போகவில்லை பார் என்றாள் தையல்காரி.

பொத்தான் வேலையையும் விட்டாள். அதுதான் தையல்காரிக்கு ரொம்ப ஆத்திரம். பத்து வயதிலிருந்து கடையில் பொத்தான் பிரிப்பது பஞ்சுவின் உத்தியோகம். நிறம் வாரியாக, ஓட்டை வாரியாகப் பிரித்து டப்பாவில் போடுவாள். பெரிய கோட்டுப் பொத்தான் என்றால் தானே ஊசி கோத்துத் தைப்பாள், ஒரு முறை தைத்தால் துணி கிழிந்தாலும் பொத்தான் வராது. இப்போது பொத்தானை எடுக்கிறாள், விரலிலிருந்து நழுவுகிறது, மறுபடி எடுக்கிறாள். நாலு தடவை நழுவியதும் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பன் கொடுக்காத கோபத்தை வேலையில் காட்டுகிறாயா என்று முதுகில் ஒன்று வைத்தாள் தையல்காரி. அதற்கும் பஞ்சு அழவில்லை.

அப்பாவுக்குத்தான் என்னவோ உறுத்தியது. ஒரு சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு வந்தவர் படிக்கட்டில் நின்று பஞ்சு ஏறுவதைப் பார்த்தார். கடைக்குள் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மா, அவ வலது காலைக் கொஞ்சம் பாரேன். இழுத்து இழுத்து வைக்கிறா."

"அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கிட்டு ஏறினா இழுக்கத்தான் செய்யும். உங்க பன்னெல்லாம் அந்த முட்டி மேலதான உக்காந்திருக்கு."

"ரெண்டு நாள் படி ஏத்தாம விட்டுப் பார்ப்போமே."

"அப்புறம் ரெண்டு பன் குடுத்துப் பார்ப்போம். அதானே?"

அவர் படியேறிப் போய்விட்டார். இதே பேச்சை வேறு யாராவது பேசியிருந்தால் அவள் ஒருவேளை திரும்பிப் பார்த்திருப்பாள். ரொட்டி வேன்காரர் சொன்னதால் அது பன்னுக்குப் போட்ட அடிபோலத்தான் அவள் காதில் விழுந்தது. பஞ்சு தானே குளிக்கக் கற்றிருந்தாள், மையத்தில் சொல்லிக்கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு. கணுக்கால்வரை கவுன். அந்த முட்டியைப் பெற்றவர்கள் இருவருமே கண்ணால் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆறாவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுபடி மெஷின், மறுபடி ரத்தம். டாக்டரம்மா தாள்களை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினாள். இடுப்பு குறைந்திருக்கிறது, கொழுப்பு ஆறு கிலோ குறைந்திருக்கிறது, ரொம்ப நல்லது. ஆனால் ரத்தத்தில் அழற்சி முன்பைவிட இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. கொழுப்பு குறைந்தால் அதுவும் குறைய வேண்டுமே, ஏன் ஏறுகிறது? வீட்டுக்குத் தெரியாமல் இனிப்பு ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டாள்.

தையல்காரி புருஷன் பக்கம் திரும்பினாள். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. போன மாதம் ஒரு நாள் நல்ல மழை, இரண்டாவது மாடித் திருப்பத்தில் பஞ்சு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சத்தமில்லாமல் கண்ணிலிருந்து தண்ணீராக வழிந்தது, பார்க்கச் சகிக்காமல் பைக்குள் இருந்த ஒரு பன்னைக் கொடுத்தேன், ஒன்றே ஒன்றுதான், என்றார். டாக்டரம்மா ஒரு பன்னால் இப்படி ஆகாது என்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் தயங்கித் தயங்கிச் சொன்னாள், வேறு காரணமும் அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் குறைக்கப் பாருங்கள் என்று முடித்தாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பஞ்சுவை நாற்காலியைவிட்டு எழுந்து நடக்கச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். பஞ்சு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு பன் அந்த வீட்டில் பட்ட பாடு இருக்கிறதே! தையல்காரி ஒரு வாரம் புருஷனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரே நம்பிவிட்டார், அதுதான் கொடுமை. நான்தான் கெடுத்துவிட்டேன், என் கையால் கெடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். அதிலிருந்து அவரும் படி ஏற்றுகிற வேலையில் சேர்ந்துகொண்டார். அவள் கீழே, அவர் மேலே. மூன்று தடவை நாலு தடவை ஆயிற்று. காலை இழுப்பதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மையத்தில் சீருடையை மாற்றினார்கள். தோட்ட வேலை ஆரம்பிக்கப் போகிறார்கள், பாவாடை சரிவராது, பெண் பிள்ளைகளுக்கும் பேண்ட். தைக்கிற வேலை தையல்காரிக்கு வந்தது. முப்பத்தொரு பிள்ளைகள். ஒரே நாளில் மையத்துக்குப் போய், பஞ்சுவைத் தவிர எல்லாருக்கும் அளவெடுத்து வந்தாள். பேண்ட்டுக்கு இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம், உயரம். தொடையும் முட்டியும் ஒரு காலில் எடுத்தால் போதும். எந்தத் தையல்காரரும் இரண்டு காலை அளக்கமாட்டார். அடுத்த கால் வேறெப்படி இருந்துவிடப் போகிறது? அந்த அளவை வைத்துத் துணியை இரட்டையாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டு காலையும் வெட்டுவதுதான் தொழில்.

தையல்காரி வீட்டுத் துணி எப்போதும் கடைசியில்தான் தைபடும். முப்பது பேண்ட் முடிந்து மடித்து அடுக்கிய பிறகு பஞ்சுவைக் கடைக்குள் கூப்பிட்டு நிறுத்தினாள். பஞ்சு மெஷின்மேல் கையை ஊன்றி, உடம்பை இடது காலில் போட்டு நின்றாள். கிட்டே இருந்தது இடது கால். டேப் அங்கேயே போயிற்று. கவுனைத் தூக்காமல், துணிக்கு மேலேயே சுற்றிப் படித்தாள். முட்டி பதினாறு.

தைத்து முடித்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். மேஜைமேல் உட்கார்ந்து பஞ்சு இடது காலை விட்டாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. வலது காலை விட்டாள். முட்டியில் நின்றுவிட்டது.

தையல்காரி பேண்ட்டைக் கழற்றி மேஜையில் விரித்தாள். ஒரு காலின்மேல் இன்னொரு காலைப் போட்டு ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தாள். நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஓவர்லாக் தையலில் எங்காவது சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவினாள். எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு துணி அவளை முறைத்ததில்லை. வலது பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டு ஓட்டினாள். மறுபடி முட்டியிலேயே நின்றது.

காலை நீட்டு என்றாள். பஞ்சு நீட்டவில்லை. மடக்கியே வைத்திருந்தால் எப்படி ஏறும், வேண்டுமென்றே செய்கிறாயா, நேரமாகிறது, நாளைக்குக் கொடுக்க வேண்டும் என்று கத்தினாள். ஒரு கையால் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பேண்ட்டை வலுவாக மேலே இழுத்தாள்.

பஞ்சு கத்தவில்லை. கவுன் கழுத்தை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். தொண்டைக்குள்ளிருந்து மட்டும் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைத் தையல்காரி அதுவரை எந்த மனுஷரிடமும் கேட்டதில்லை.

பேண்ட்டை விட்டுவிட்டாள். கவுனைத் தொடைவரை தூக்கினாள். வலது முட்டியில் முட்டிச்சில்லே தெரியவில்லை, உருண்டையாக, பளபளவென்று இருந்தது. கையை வைத்தாள். அப்போதுதான் இஸ்திரி போட்டெடுத்த துணிபோலச் சுட்டது. டேப்பை எடுத்தாள். இடது முட்டி பதினாறு, வலது முட்டி பதினெட்டே கால். தொடையை அளந்தாள். இடது இருபத்து நாலு, வலது இருபத்திரண்டு. மேலே வற்றியிருக்கிறது, முட்டியில் வீங்கியிருக்கிறது. கொழுப்பு என்றால் இரண்டு காலிலும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? கொழுப்பு ஏன் சுட வேண்டும்?

சாயங்காலம் அப்பா வந்தபோது கடையில் விளக்குப் போடவில்லை. பஞ்சு மேஜைமேலேயே உட்கார்ந்திருந்தாள், தையல்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார்.

"நான் ஒரு காலைத்தாங்க அளந்தேன்," என்றாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டர் இருக்கிற பக்கம் போனார்கள். காலையில் போனவர்களை மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். அப்பா வேன் வேலைக்குப் போகவில்லை, பஞ்சுவைச் சக்கர நாற்காலியில் வைத்து அவரே தள்ளினார். மூட்டு டாக்டர் வயசானவர். வந்ததும் தாள் எதையும் பார்க்கவில்லை. பஞ்சுவின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினார். முட்டியைத் தொட்டுவிட்டு நர்ஸைப் பார்த்தார். எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படம் வந்ததும் வெளிச்சத்தில் மாட்டிப் பெற்றவர்களைக் கிட்டே கூப்பிட்டார்.

"இது மூட்டு வாதம்மா. உடம்பே தன்னோட மூட்டைத் தின்னுது. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு மத்தவங்களைவிட அதிகமாவே வருது. அவங்களுக்குச் சொல்லத் தெரியாது, நாமளும் கேக்கறதில்ல. அதனால எப்பவும் லேட்டாத்தான் கண்டுபிடிக்கிறோம்."

எடை டாக்டரம்மா சொன்னது பொய்யா என்று தையல்காரி கேட்டாள்.

"பொய் இல்ல. கொழுப்பாலயும் ரத்தத்துல அழற்சி தெரியும். ஆனா அது கொஞ்சமா இருக்கும். இவ்வளவு இருந்தா மூட்டைத் தொட்டுப் பார்த்திருக்கணும். கொழுப்பு கண்ணு முன்னாடி நின்னுச்சு, எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டோம்."

"எத்தனை நாளா டாக்டர்?"

"ஒன்றரை வருஷம் இருக்கும். குறைஞ்சது."

தையல்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். படி ஏற்ற ஆரம்பிப்பதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே வலித்திருக்கிறது. படியைப் பற்றிச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு தடவை, ஒரு தடவைக்கு ஐம்பத்து நாலு, முனகினால் கூட ஒரு மாடி. டாக்டர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நல்ல மருந்து இருக்கிறது, இனிமேல் தின்பதை நிறுத்தலாம், ஆனால் தின்றது தின்றதுதான் என்றார். அந்த வலது முட்டி இனி முழுசாக நீளாது, படி ஏறுகிற கால் இல்லை அது என்றும் சொன்னார்.

அப்பா, அந்த ஒரு பன்னால் ஏதாவது என்று ஆரம்பித்தார். எந்தப் பன் என்று டாக்டர் கேட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரிடம் ஒரு தாள் இருந்தது, அதில் ஒரு மனித உருவம் கோட்டுப் படமாக அச்சடித்திருந்தது. வலிக்கிற இடத்தையெல்லாம் அதில் வட்டம் போட வேண்டும், அதைப் பார்த்துத்தான் மருந்து எவ்வளவு என்று முடிவுசெய்ய வேண்டும். பேனாவைத் திறந்துகொண்டு, பஞ்சுவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"பஞ்சு, எங்க வலிக்குதுன்னு காட்டு பார்ப்போம்."

பஞ்சு அம்மாவைப் பார்த்தாள். "வலிக்கல," என்றாள்.

டாக்டர் மணிக்கட்டை லேசாக அழுத்தினார். பஞ்சுவின் கால் விரல்கள் பத்தும் மடங்கின. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "வலிக்கல," என்றாள் மறுபடி. "பஞ்சு நல்ல பொண்ணு."

தையல்காரி சக்கர நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "வலிச்சா சொல்லலாம் கண்ணு. டாக்டர் கேக்கறார்ல, சொல்லு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பஞ்சு அவள் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, டாக்டருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல, அம்மாவிடம் மட்டும் கேட்டாள்.

"சொன்னா இன்னொரு மாடி ஏறணும்ல?"

நர்ஸ் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இல்ல," என்றாள் தையல்காரி. "இல்லடா. இனிமே ஏறவே வேண்டாம்."

"நெஜமா?"

"நெஜமா."

பஞ்சு கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு விரலால் வலது முட்டியைத் தொட்டாள். டாக்டர் வட்டம் போட்டார். பஞ்சு அதைப் பார்த்துவிட்டு, இடது கணுக்காலைத் தொட்டாள். அதற்கும் வட்டம் விழுந்தது. வலது மணிக்கட்டு, இடது மணிக்கட்டு. கையை விரித்து, ஒவ்வொரு விரலாக, பொத்தான் எண்ணுகிற நிதானத்தோடு எட்டு விரலைத் தொட்டாள், கட்டைவிரல் இரண்டையும் விட்டுவிட்டாள். முழங்கை. கழுத்து. தாடையைத் தொட்டு, சாப்பிடும்போது என்றாள். அப்பா சுவரைப் பார்த்தபடி தோள் குலுங்க நின்றார். பஞ்சு நிறுத்தவில்லை. ஒன்றரை வருஷத்தை ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டு, சரியா என்று கேட்பவள்போல அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

தையல்காரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. எந்த இடத்தில் பிடித்தால் பிள்ளைக்கு வலிக்காது என்று அவளுக்குத் தெரியவில்லை.